அன்னத்தின் தலையைச் சுற்றி ஒரு வட்டம்

ஃபிர்தௌஸ் பேசுவதைவிட வட்டம் போடுவது அதிகம். கரண்ட் பில் வந்தால் கடைசித் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நோட்டீஸ் கொண்டு வந்தால் அதில் ஒரு வட்டம். கறிக்கடைக்குச் சீட்டு எழுதினால்கூட 'கொழுப்பு வேண்டாம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள். அவளுக்கு முப்பத்தேழு வயது. பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது தொழில். அந்த டிசைனைப் பார்த்து அட்டையில் துளை குத்துகிறவன் நான். தறிக்கு மேலே இருக்கும் ஜக்காடு பெட்டி அந்தத் துளைகளைப் பார்த்துத்தான் இழையைத் தூக்கும். துளை உள்ள இடத்தில் சரிகை தெரியும், துளை இல்லாத இடத்தில் தெரியாது. என் பெயர் தேவசகாயம், ஊர் முசரவாக்கம். என்னைப் பற்றி இவ்வளவு போதும், இது அவளுடைய கதை. இதில் நான் வருகிற இடம் பெருமைப்படும்படி இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய அப்பா ஷபியுல்லா பாய் சரிகை வியாபாரி. வைகாசியில் பெருமாள் வாகனங்கள் அவர்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும்போது மற்றப் பிள்ளைகளெல்லாம் பஞ்சுமிட்டாய்க்கு அடம்பிடிக்க, இவள் மட்டும் அன்ன வாகனத்தின் கழுத்து வளைவைப் பார்த்தபடி வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பாளாம். வீட்டுக்கு வந்ததும் சரிகைப் பொட்டலத்தின் காகிதத்தில் அதை வரைந்துவிட்டுத்தான் சாப்பாடு. பாய் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அந்தக் காகிதங்களில் ஒன்றைக்கூட அவர் தூக்கிப்போடவில்லை.

ராமலிங்கத்தின் டிசைன் சென்டரில் அவள் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மர நாற்காலி. சென்டரிலிருந்து வெளியே போன நல்ல டிசைன்களில் முக்கால்வாசி அந்த நாற்காலியிலிருந்து பிறந்தவை. ஒருநாள் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் வந்து ஒரு மயில் பார்டரைப் பார்த்துச் சொக்கிப்போய், "யாருங்க போட்டது?" என்று கேட்டார். ராமலிங்கம் கொஞ்சமும் யோசிக்காமல், "நான்தான்" என்றார். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த ஃபிர்தௌஸ் தலையைத் திருப்பவில்லை. அன்றைய வேலையை முடித்தாள், ஃபைல்களைச் சேமித்தாள், கீபோர்டின்மேல் துணியைப் போட்டு மூடினாள், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. அவளுடைய கோபம் அவ்வளவுதான். எனக்கெல்லாம் கோபம் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

ராமலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஃபிர்தௌஸ் டிசைனுக்கு யாரும் அட்டை குத்தக்கூடாது என்று ஊரில் சொல்லி வைத்தார். அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. யாராவது ஒன்றைச் செய்யாதே என்றால் அதைச் செய்து பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். டீக்கடையில் என்னைப் பார்த்தபோது ராமலிங்கம், "ரெண்டு மாசம். அப்பால அவளே வந்து அதே நாற்காலில உக்காருவா பாரு" என்றார். அந்தப் பேச்சு எப்படியோ அவள் காதுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் வீட்டில் மர நாற்காலியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தாள்.

அவள் கணவன் ரியாஸுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவான். முன்னறையில் கம்ப்யூட்டர், உள்ளறையில் ரியாஸின் குறட்டை, நடுவில் ஒரு திரைத்துணி. இந்த லட்சணத்தில்தான் அவள் தனியாகத் தொழில் தொடங்கினாள். இரண்டு வாரம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து துர்கா என்று ஒரு மேடம் பேசினார். முதலில் ஒரு புடவை, முந்தியில் அன்னம். அது பிடித்திருந்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு டிசைன். பிடிக்காவிட்டால் இதோடு சரி. அந்தப் பன்னிரண்டு கிடைத்தால் ராமலிங்கத்தின் நாற்காலிப் பக்கமே அவள் திரும்பிப் பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால் அவர் சொன்ன ரெண்டு மாசக் கணக்கு பலித்துவிடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துர்கா மேடத்தோடு பேச்சு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். முதல் மீட்டிங்கில் ஃபிர்தௌஸ் தன் திரையை முழுதாகத் திறந்து காட்டிவிட்டாள். அன்னத்தோடு சேர்த்து மகள் சானியாவின் பரீட்சைத் தேதி, ரியாஸ் லுங்கியோடு நிற்கும் போட்டோ, ஓரத்தில் வேறொரு கடைக்குப் போட்ட யாளி பார்டர் எல்லாம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தன. "அந்த யாளி நல்லாருக்குதுங்களே, அதையே நமக்கும் போட்டுருங்களேன்" என்றார் மேடம். ஃபிர்தௌஸுக்கு வேர்த்துவிட்டது. ஒரு கடையின் டிசைனை இன்னொரு கடைக்குக் காட்டுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அடுத்த வேலை கிடைக்காது. "அது வேற ஒருத்தரோடது மேடம், நான் காட்டினதே தப்பு" என்று சொல்லி, இரண்டு நாள் தேடி ஒரு சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தாள்.

அதில் திரைமேல் பச்சைக் கோட்டில் ஒரு பெட்டி வரும். பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான் அடுத்தவருக்குத் தெரியும். வெளியே என்ன இருந்தாலும் அது நம் வீட்டு விஷயம். பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும், தள்ளினால் சிறிதாகும். ஓரத்தில் ஒரு பேனா இருக்கும். அதை எடுத்துத் திரைமேலேயே கோடு கிழிக்கலாம், வட்டம் போடலாம், அழிக்கலாம். வட்டம் போடுகிறவளுக்கு அப்படி ஒரு பேனா கிடைத்தால் கேட்கவா வேண்டும்! சிவப்பு மையில் போட்டுத் தள்ளினாள். "மேடம், இந்த எடம்தானே? இந்த மூக்குதானே?" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். திருத்தம் எதுவென்று தெரிந்துகொள்ள நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காமிரா கிடையாது, நான் வாயைத் திறந்ததும் கிடையாது. அதனால் நான் ஒருத்தன் அங்கே இருப்பதே மேடத்துக்குத் தெரியாது.

ஐந்தாவது மீட்டிங் அன்று முசரவாக்கத்தில் எனக்கு ஒரு சாவு. போக முடியவில்லை. அன்று மேடம், "அன்னத்தோட தலை ரொம்பச் சின்னதா இருக்குதுங்க" என்றாராம். ஃபிர்தௌஸ் வழக்கம்போல் அன்னத்தின் தலையைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, "இதுதானே மேடம்?" என்று கேட்டு, நான் இல்லையே என்று அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதற்கப்புறம் உட்கார்ந்து தலையைப் பெரிதாக்கி, பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இன்னொரு படம் அனுப்பினாள். அதன் கீழே, 'அண்ணா, முன்னது வேணாம். இதைக் குத்துங்க' என்று எழுதியும் இருந்தாள்.

இரண்டாவது வருவதற்கு முன்பே நான் முதல் படத்தைப் பார்த்துவிட்டேன். சாவு வீட்டிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அதைப் பெரிதாக்கிக் கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் போனை அணைத்துப் பீரோமேல் வைத்தேன். குத்தும்போது போன் அடித்தால் எனக்கு வரிசை தப்பிவிடும். திரும்பப் போனைத் திறந்தபோது மாதா கோயில் குரூப்பில் நூற்றுக்கணக்கில் செய்தி குவிந்து கிடந்தது. அதற்கடியில் அவளுடைய செய்தி எங்கோ போய்விட்டது. நான் தேடவுமில்லை.

இப்போது கேளுங்கள் என் புத்திசாலித்தனத்தை. எங்கள் தொழிலில் கட்டம் போட்ட கிராஃபில் சிவப்பு என்றால் துளை. அதில் பேச்சே இல்லை. அன்னம் சிவப்புக் கட்டங்களில் இருந்தது, தலையைச் சுற்றி இருந்த வட்டமும் அதே சிவப்பில் இருந்தது. பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒளிவட்டம்! எங்கள் கோயிலில் அந்தோணியாருக்கு இருப்பதுபோல. பெருமாளைச் சுமக்கிற பறவைதானே, அதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நல்ல யோசனை என்று மெச்சவும் செய்தேன். ஆனால் வட்டம் கோணலாக, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தது. வேறு யாராவது என்றால் ஒரு போன் போட்டு, "இன்னாம்மா இது?" என்று கேட்டிருப்பான். நான் கேட்க மாட்டேன். இருபத்தைந்து வருஷம் அட்டை குத்தியவன் ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் சந்தேகம் கேட்டால் என்ன ஆவது? பென்சிலை எடுத்து, கட்டம் கட்டமாக எண்ணி, அந்தக் கோணல் வட்டத்தை இடமும் வலமும் ஒன்றுபோல வருகிற அழகான வட்டமாக நானே திருத்தினேன். நான்கு நாள் குத்தினேன். அட்டைகளைக் கயிற்றில் கோத்து, பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் தேவேந்திரனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேவேந்திரன் புடவையின் உடல் முழுவதையும் ஏற்கனவே நெய்து முடித்து முந்திக்காகக் காத்திருந்தான். ஒரு முழம் முந்தி நெய்ததும் போட்டோ எடுத்து ஃபிர்தௌஸுக்கு அனுப்பினான். 'அன்னம் சாமி மாதிரி இருக்குதுக்கா' என்று ஒரு பாராட்டு வேறு. சரிகையில் வரிசை வரிசையாக அன்னங்கள். ஒவ்வொன்றுக்கும் சுண்டைக்காய்த் தலை. ஒவ்வொரு சுண்டைக்காயைச் சுற்றியும் ஒரு பிசகில்லாத ஒளிவட்டம்.

அவள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, முந்தில அன்னத்துத் தலையச் சுத்தி வட்டம் வந்துக்கினு இருக்குதே, அது இன்னாண்ணா?"

"நீதானம்மா போட்டே?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் நான் மாதா கோயில் செய்திகளையெல்லாம் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த அவளுடைய செய்தியைத் திறந்து பார்த்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு. 'முன்னது வேணாம். இதைக் குத்துங்க.' பெரிய தலையோடு, வட்டமே இல்லாமல், பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் ஒரு அன்னம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை துர்கா மேடத்தோடு மீட்டிங். முந்தியைக் காட்டியாக வேண்டும். நான் அரை மணி முன்னாலேயே போய்விட்டேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "என் தப்புண்ணா. ரெண்டு படம் அனுப்பி உங்களக் கொழப்பிட்டேன். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாம்மா, இனிமே பாத்து அனுப்பு" என்றேன். அதைச் சொன்ன வாயில் இப்போதும் நாலு அறை விடலாம்போல் இருக்கிறது.

மீட்டிங் தொடங்கியது. ஃபிர்தௌஸ் பச்சைப் பெட்டியை முந்திப் போட்டோவின்மேல் பொருத்தினாள். பெட்டிக்கு வெளியே இடப்பக்கம் அவளுடைய வாட்ஸ்அப் திறந்தே இருந்தது.

"ஏனுங்க, தலையைப் பெருசு பண்ணச் சொன்னேன். இதென்னங்க தலையைச் சுத்தி?" என்றார் மேடம்.

"தப்பு நடந்துபோச்சு மேடம். அன்னிக்கு நான் கையால போட்ட வட்டம் அது. பழைய படத்த அனுப்பிட்டேன். முழுக்க என் தப்புதான்."

"உங்க அட்டைக்காரரு கேக்கலீங்களா?"

"அவருகிட்ட நான் குடுத்தத அவரு குத்தியிருக்காரு மேடம். அவருமேல ஒண்ணும் இல்லே."

மேடம் பெருமூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது. "ஃபிர்தௌஸ், உங்க கை நல்ல கைங்க. ஆனா எந்தப் படத்தை அனுப்பறோம்னு பார்க்காம அனுப்பறவங்ககிட்ட நான் பன்னெண்டு டிசைனை எப்படிங்க நம்பிக் குடுக்கறது?"

ஃபிர்தௌஸ் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மவுஸின் மேலிருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. அனுப்பிய படத்தை நான் பார்க்கவில்லை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். அவளுடைய செய்திக்குப் பக்கத்தில் முதல் நாள் சாயங்காலம் வரை இரண்டு சாம்பல் நிற டிக்தான் இருந்திருக்கும். நான் திறந்த பிறகுதான் நீலம் ஆகியிருக்கும். எல்லாம் தெரிந்துதான் என் தப்பைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ராமலிங்கத்தின் நாற்காலி எனக்கே கண்முன் வந்தது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து, அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன்.

"அண்ணா, இன்னா பண்றீங்க!" என்று அவள் தடுத்தாள்.

இத்தனை மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பச்சைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தேன். வாட்ஸ்அப் மொத்தமும் பெட்டிக்குள் வந்தது. பேனாவை எடுத்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், ஃபிர்தௌஸ் போட்டதைவிடக் கோணலாக. 'இதைக் குத்துங்க' என்பதன் கீழே கோடு போட்டேன்.

"மேடம், வணக்கம். நான் தேவசகாயம். அட்டை குத்துறவன். தங்கச்சி சரியான படத்த அன்னிக்கே அனுப்பிச்சுது. நான்தான் பாக்கல. வட்டத்தப் பாத்து ஒளிவட்டம்னு நெனச்சி, அது கோணலா இருக்குதேன்னு நானே நேராக்கிக் குத்தினேன். ஒரு வார்த்த கேக்கல. கேக்கறதுக்கு எனக்குக் கவுரவம் எடம் குடுக்கல. தப்பு என்னுது."

மேடம் படிக்கிறார் என்று தெரிந்தது. எதைப் படிக்கிறார் என்று நானும் திரையைப் பார்த்தேன். பார்த்ததும் உயிர் போய்விட்டது. அந்த இரண்டு படங்களுக்கும் மேலே, அதற்கு முந்தின வாரம் நான் அனுப்பிய செய்தியும் பெட்டிக்குள் வந்திருந்தது. 'இந்த மேடம் ஏன்மா இப்பிடி நொய்நொய்ன்னுது, அது அன்னத்த என்னிக்காவது கண்ணால பாத்திருக்குதா?' ஃபிர்தௌஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் பார்த்ததில்லீங்க. நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார் மேடம்.

"இல்லீங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஃபிர்தௌஸ், நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு யாரும் அட்டை குத்தித் தரக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க மேடம். இவரு ஒருத்தர்தான் குத்தித் தரேன்னாரு. நான் இவரைக் காட்டிக் குடுத்துட்டு உங்க வேலைய வாங்கி இன்னா பண்ணப் போறேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். "மன்னிச்சிடும்மா. காலைல நீ சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். நான் ஒரு மனுஷனா?" என்று என்னென்னவோ சொன்னேன்.

"மைக் ஆன்ல இருக்குதுண்ணா" என்றாள் அவள் மெதுவாக.

"இருக்கட்டுங்க" என்றார் மேடம். அவர் குரலும் கொஞ்சம் மாறியிருந்தது. "முந்தியப் பிரிச்சு, பெரிய தலையோட நெய்யச் சொல்லுங்க. பதினஞ்சு நாள் எடுத்துக்குங்க. அது வந்ததும் ரெண்டாவது டிசைன் பேசலாம். பன்னெண்டும் நீங்களே பண்ணுங்க. அண்ணனும் மீட்டிங்ல இருக்கட்டும். சந்தேகம் வந்தா என்னையே கேளுங்க, நொய்நொய்ன்னு எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க."

மீட்டிங் முடிந்தது. நான் பிள்ளையார்பாளையம் போகக் கிளம்பினேன். தேவேந்திரனோடு உட்கார்ந்து முந்தியைப் பிரிக்க வேண்டும், சரிகையை ஒவ்வொரு இழையாகத்தான் உருவ வேண்டும், நான்கைந்து நாள் ஆகும். அது போகட்டும், செய்தவன் நான்தானே. செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஃபிர்தௌஸ் அணைத்த கம்ப்யூட்டர் திரையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷ வேலையை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டு வந்தவள், ஊரே ஒதுக்கியபோதும் முகம் வாடாதவள், என்னைப் பார்த்து, சின்னப் பெண்போலக் கேட்டாள்.

"அண்ணா, நான் இனிமே அங்க போவ வேணாம் இல்லே?"

"போவ வேணாம்மா" என்றேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.